மேற்கு வாசல் காவலனின் சீட்டு

2 ஜூன் 2011, வியாழன்

இன்று மாலை நாலு மணிக்கு, அரை அங்குல உயரமுள்ள ஒரு மனிதன் கிணற்றடிக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான். நான் எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டுத் திரும்பினான்.

போ கிணறு
எடு குடம்
போ வீடு
வை குடம்

 பத்து வருடமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறேன். சம்பளப் பட்டியல் போட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கொடுக்கும் புரோகிராம் எழுதியிருக்கிறேன். எதுவும் என்னை இப்படி ஆட்டியதில்லை.

ஷாநவாஸ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி, படம் வரைபவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவர்தான். எங்கள் கம்பெனியே மூன்று பேர்.

"கோகிலா, இன்னொருக்கா போகச் சொல்லுங்க."

பதினோரு தடவை போகச் சொன்னோம். பதினோரு தடவையும் போனான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

'மூன்று கோட்டை' என்று ஒரு போர் விளையாட்டு செய்கிறோம். அதில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு. என்ன செய்ய வேண்டும் என்பதை அதில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால் செய்வான். புரோகிராம் தெரியாதவர்களும் எழுதும்படி ஒரு குட்டி மொழியை நான் உண்டாக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டே சொல்: போ, நில், பார், எடு, வை, திற, மூடு, தாக்கு, அறிவி, காத்திரு, இருந்தால், மறுபடி. இருபத்து நாலாம் தேதி சென்னையிலிருந்து விளையாட்டை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள்.

பன்னிரண்டு சொல்லில் ஒரு ராஜ்ஜியம். பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

4 ஜூன், சனி

வீட்டில் இவர் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டார். பாத்திரம் அத்தனையும் பளபளக்கின்றன. அரிசி டப்பாவில் கல் பொறுக்குவதற்கு இனிக் கல்லே இல்லை. சஸ்பெண்ட் ஆகிப் பதினாறு நாள்.

இவர் சென்னியப்பன், என் கணவர், ரயில்வே கேட் கீப்பர். மே பத்தொன்பதாம் தேதி காலையில் இவருடைய கேட்டில் சரக்கு ரயில் ஒரு டிராக்டரின் டிரெய்லரை அடித்துத் தள்ளிவிட்டது. டிராக்டர் ஓட்டியவர் காளியண்ணன். கால் முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். மூடியிருந்த கேட் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர்தான் உள்ளே நுழைந்தார் என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போலீஸ் அவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. கடைசி விசாரணை இருபத்தேழாம் தேதி. காளியண்ணன் ஜெயிலுக்குப் போவார் என்றுதான் ஊரில் பேச்சு. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

"எனக்கு இதெல்லாம் என்ன புள்ள தெரியும்?"

"தெரியாதவங்களுக்குத்தானுங்க இது. பன்னண்டு வார்த்த. ரயில்வேல எத்தன ரூல் படிச்சீங்க?"

வேண்டாவெறுப்பாக வாங்கினார். மாவாட்டி முடித்து வந்து பார்த்தால், கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடத்துக்காரன் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டிருந்தான். 'மறுபடி' என்ற சொல்லை இவராகவே கண்டுபிடித்திருக்கிறார்.

"நாஞ் சொன்னத அப்படியே செய்றானே!" என்றார். பதினாறு நாளில் இவர் குரல் இப்படி ஏறி நான் கேட்டதில்லை.

6 ஜூன், திங்கள்

மாவு புளித்துவிட்டது. இவர் லேப்டாப்புக்குள் ஒரு சந்தை கட்டிவிட்டார்.

8 ஜூன், புதன்

ஆபீஸ் போனதும் ஷாநவாஸிடம் இவருடைய சந்தையைக் காட்டினேன். இருபது வண்டிக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே சீட்டு: முன்னால் ஆள் இருந்தால் நில், இல்லையென்றால் போ. அதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் சந்தை முனையில் ஒரு பக்கம் நாலு வண்டி போக, மறு பக்கம் காத்திருந்து, பிறகு அந்தப் பக்கம் நாலு வண்டி போகிறது. 'முறை வைத்துப் போ' என்று யாரும் எழுதவில்லை. என் மொழியில் 'முறை' என்ற சொல்லே கிடையாது. அது எங்கிருந்து வந்தது? நானும் ஷாநவாஸும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் செய்த பன்னிரண்டு சொல்லுக்குள் எனக்குத் தெரியாத ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் இவர் ஒரு கோரிக்கை வைத்தார். 'அறிவி' என்னும்போது வெறுமனே அறிவிக்காமல் ஒரு எண்ணையும் சேர்த்து அனுப்ப முடியுமா?

"எண் எதுக்குங்க?"

"அதுதான் புள்ள உசுரு" என்றார்.

பிறகு விளக்கினார். ரயில் வருமுன் ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்குப் போன் வரும். கேட்டை மூடிவிட்டு, இவரிடம் மட்டும் இருக்கிற ரகசியப் பட்டியலிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி, அதைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். அந்த எண் கைக்கு வந்தால் ஸ்டேஷனில் இருப்பவருக்குக் கேட் மூடிவிட்டது என்று பொருள். அதை நம்பித்தான் ரயிலை விடுவார்கள். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. எண் போதும்.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் இவர் வேலையைப் பற்றி இவ்வளவு நான் கேட்டதில்லை. பார்க்காத ஒருவர், பார்க்காத இன்னொருவர் சொல்லும் ஓர் எண்ணை நம்பி ஆயிரம் டன் இரும்பை ஓடவிடுகிறார். கேட்கும்போதே எனக்குச் சிலிர்த்தது. ராத்திரிக்குள் முடித்துவிடலாம் என்று அடுப்பைக்கூட மறந்து அதைச் சேர்த்துக் கொடுத்தேன். ரசம் பொங்கி வழிந்தது.

9 ஜூன், வியாழன்

வேலை முடிந்து வந்தால் வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். காளியண்ணனின் மனைவி ருக்குமணி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மோர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அவரு கம்பத்தத் தொடவே இல்லீங்கம்மணி. தெறந்துதான் இருந்துச்சாமா. சாமி மேல சத்தியம் பண்றாருங்க. உங்க ஊட்டுக்காரர ஒருக்கா நல்லா ரோசன பண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

"எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்ற ஆளு இல்லீங்க" என்றேன்.

"அவருந்தானுங்க" என்றார் அந்த அம்மாள். மோரைக் குடிக்காமல் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

உள் அறையில் இவர் லேப்டாப்போடு இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை.

11 ஜூன், சனி

இவர் கட்டியிருப்பது சாதாரண விஷயமில்லை. கோட்டைக்குள் ஒரு யானைப் பாதை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜனங்கள் போகும் வண்டிப்பாதை. இரண்டும் வெட்டும் இடத்தில் மேற்கு வாசல், அதற்கு ஒரு காவலன். யானைக் கொட்டிலில் ஒருவன் இருக்கிறான். அவன் கேட்பான், காவலன் எண் சொல்வான், எண் வந்ததும் யானைகள் கிளம்பும். நாற்பது யானை ஒரே வரிசையில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. வாசலுக்கு வெளியே வண்டிகளெல்லாம் அடங்கி நிற்கின்றன. நான் பொங்கல் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். சென்னைக்காரர்களுக்கு இதைத்தான் காட்டப் போகிறோம்.

காவலனின் சீட்டை இங்கே பார்த்து எழுதிவைக்கிறேன்.

காத்திரு கொட்டில்
அறிவி கொட்டில்
மூடு மேற்கு
காத்திரு யானை
திற மேற்கு
மறுபடி

ஆறே வரி. எவ்வளவு அழகு!

மத்தியானம் ஏழாவது தடவை ஓட்டும்போது வாசல் மூடாமலே யானைகள் வந்துவிட்டன. ஒரு வண்டி சிக்கிக்கொண்டது. வண்டிக்காரன் மறைந்துபோனான். என் விளையாட்டில் செத்தவர்கள் அப்படித்தான், சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள்.

இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். என் மொழியில் ஏதோ பிழை. கண்டுபிடிக்க வேண்டும்.

13 ஜூன், திங்கள்

பிழை வேட்டை. 'அறிவி' சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறதோ என்று பார்த்தேன். இல்லை. விளையாட்டுக்குள் நேரம் கடிகாரம் போலத் தட்டுத் தட்டாக நகரும். 'அறிவி'க்கு ஒரு தட்டு, 'மூடு'வுக்கு எட்டுத் தட்டு. மேலிருந்து இறங்கும் கனமான கதவு, எட்டுத் தட்டாவது வேண்டும். நடுவில் ஒரு வண்டி நுழைந்துவிட்டால் அது வெளியேறும்வரை கதவு நிற்கும். வண்டி குறைவாக இருந்தால் பிரச்சினை இல்லை. நெருக்கமாக வந்தால் யானை முந்திக்கொள்கிறது. எல்லாம் நான் எழுதியபடிதான் நடக்கிறது. ஆனாலும் எங்கோ பிழை இருக்கிறது.

15 ஜூன், புதன்

நோட்டில் 'பிழை' என்று தலைப்புப் போட்டு ஆறு பக்கம் எழுதியாகிவிட்டது. கிடைக்கவில்லை.

16 ஜூன், வியாழன்

ஷாநவாஸ் எட்டிப் பார்த்தார். காவலனின் சீட்டை ஒரு நிமிடம் படித்தார். டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதுல பிழையெல்லாம் இல்லைங்க கோகிலா. மூடறதுக்கு முன்னாடியே மூடிட்டேன்னு சொல்றான். அவ்வளவுதான்."

"எழுதுனவரு பன்னண்டு வருசமா கேட்டு பாக்கறவருங்க. அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்கதான் இப்படி எழுதுவாங்க. தெரியாதவன் பயந்துட்டு மொதல்ல மூடுவான்."

எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். படம் வரைகிறவருக்கு மொழியைப் பற்றி என்ன தெரியும்?

17 ஜூன், வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. சிலிண்டர் வந்தது. இவருக்கு வெண்டைக்காய்ப் பொரியல் பிடிக்கும், செய்தேன். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

19 ஜூன், ஞாயிறு

ஒரு வசதி சேர்த்தேன். ஒவ்வோர் ஆளின் தலைக்கு மேலும் அவனுடைய சீட்டு தெரியும்; எந்த வரியைச் செய்கிறானோ அந்த வரி மட்டும் மஞ்சளாக எரியும். வேகத்தையும் குறைக்கலாம். பிழை தேட உதவும் என்றுதான் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலைப் பலகாரம் முடிந்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேற்கு வாசல். வண்டிகள் சாரிசாரியாக வருகின்றன. கொட்டில்காரன் கேட்கிறான். காவலன் தலைக்கு மேல் 'அறிவி' எரிந்தது. எண் பறந்தது. அங்கே யானைகள் கிளம்பின. அதற்குப் பிறகுதான் 'மூடு' எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வண்டி போயிற்று. இன்னொரு வண்டி. கதவு பாதியில். யானை.

இவர் திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மறுபடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. காவலன் ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடு, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், திறந்த கதவின் முன் நின்று எண்ணைச் சொன்னான்.

"கேட்டவொடனே சொல்லீறோணும் புள்ள. இல்லீன்னா ஸ்டேசன்ல வேற லைன் ரயில மொதல்ல விட்ருவாங்க, அப்பறம் கேட்ட மூடீட்டு இந்த ரயிலுக்கு அரமணி நேரம் சனங்க நிக்கோணும். ஸ்கூல் பஸ்ஸு நிக்கும். ஆம்புலன்ஸ் நிக்கும். ரயிலு வாரதுக்கு இன்னும் ஏழு நிமிசம் இருக்குது, அதுக்குள்ள மூடிக்கலாம்…"

விளையாட்டில் ஸ்கூல் பஸ் கிடையாது. ஆம்புலன்ஸும் கிடையாது. 

பிறகு, "கதவு மூட எட்டுத் தட்டு எதுக்கு? அதக் கொறச்சுப் போடு. செரியாயிரும்" என்றார்.

20 ஜூன், திங்கள்

எட்டை அழித்து ஒன்று போட்டேன். ஒரே ஓர் எண்தான். ஆபீஸில் யாரையும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது. நூறு தடவை ஓட்டினேன். வண்டிகளுக்கு நடுவே கிடைக்கிற துளி இடைவெளியில் கதவு படக்கென்று மூடிக்கொள்கிறது. ஒரு வண்டிக்காரன்கூட மறையவில்லை. நான்தான் அந்த உலகத்தைச் செய்தவள். அதில் கதவு எவ்வளவு கனம் என்று நான்தான் சொல்ல வேண்டும். நான் ஒன்று என்றால் ஒன்று.

அப்படி ஒரு அதிகாரம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷமாக இல்லை.  மத்தியானச் சோற்றை டப்பாவோடு திரும்பக் கொண்டுவந்தேன்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். "செரியாயிருச்சுங்க, பாருங்க."

பார்த்தார். காவலன் எண் சொன்னான், கதவு படக்கென்று மூடியது, யானைகள் பத்திரமாகப் போயின. இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது பொய்யி புள்ள."

"என்னங்க?"

"கம்பம் இப்படி எறங்காது. கைப்புடிய இருவத்திமூணு சுத்து சுத்தோணும். ரெண்டு பக்கமும். நடுவுல யாராச்சும் வந்தா நிறுத்தோணும். மழ நாள்ல இன்னும் நேரமாகும். எட்டே போடு. எட்டுதான் நெசம்."

சொல்லிவிட்டுத் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் கைப்பிடி சுற்றிக் காய்த்த கை.

எட்டே போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

24 ஜூன், வெள்ளி

சென்னைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். சந்தையைப் பார்த்து அவர்களும் வாயைப் பிளந்தார்கள். மேற்கு வாசலைக் காட்டலாமா என்று ஷாநவாஸ் கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு அவர்மேல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிட்டு வாங்க, மன்னிச்சுடறேன்" என்றார். வாங்கி வந்தேன்.

27 ஜூன், திங்கள்

லீவு போட்டுவிட்டு இவரோடு போனேன். விசாரணை நடந்த அறைக்கு வெளியே என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிர்ப் பெஞ்சில் ருக்குமணி.  ஒன்றேகால் மணி நேரம். அத்தனை நேரமும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்றுதான் எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்தவர் நேராக ருக்குமணியிடம் போனார். "உங்க ஊட்டுக்காரரு கம்பத்தத் தொடலீங்க. நாந்தான் மூடாமயே நம்பர் குடுத்துட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கறேனுங்க" என்றார்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சத்தமில்லாமல் அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், உள்ளே என்ன நடந்தது என்று.

"பெரிய ஆபீசர் கேட்டாரு. ஒரு மாசமா ஒண்ணச் சொல்லீட்டு, இன்னிக்கு வந்து மாத்திச் சொல்றயே, யாரு சொல்லிக் குடுத்தான்னாரு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. நாஞ் சொன்னத ஒருத்தன் அப்படியே செஞ்சு காட்டீட்டானுங்கன்னேன். அவருக்குப் புரியல. உடு."

எனக்குப் புரிந்தது. என் கூட நிற்கும் மனிதரை நிமிர்ந்து பார்த்தேன். ஏழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன், இவ்வளவு பெரிய ஆள் என்று தெரியாமல்.

3 ஜூலை, ஞாயிறு

இன்னும் ஆர்டர் வரவில்லை. கேட் வேலை இனிக் கிடையாது என்பது மட்டும் நிச்சயம். வேலையே போகலாம், தண்டவாள வேலைக்கு இறக்கலாம். காளியண்ணன்மேல் போட்ட வழக்கை எடுக்கிறார்கள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவர் கட்டில் கால்மாட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். கிளம்பும்போது ருக்குமணி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். இவர் முழுவதையும் குடித்தார்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று இந்த நோட்டைப் புரட்டியபோது பதினொன்றாம் தேதிப் பக்கம் கண்ணில் பட்டது. காவலனின் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறேனே, அதில் இரண்டாவது வரியின் முடிவில் மசி ஊறி ஒரு பெரிய பொட்டு விழுந்திருக்கிறது. பேனா அங்கே நின்றிருக்கிறது, வெகுநேரம் நின்றிருக்கிறது. அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு 'பிழை, பிழை' என்று ஆறு பக்கம் எழுதினேன். மொழியைச் செய்தவள் நான். அதில் எழுதியிருந்ததைப் படிக்கத் துணிந்தவர் இவர்.

சாயங்காலம் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினார். காவலனின் சீட்டை அழித்துவிட்டுப் புதிதாக, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அடித்தார்.

காத்திரு கொட்டில்
மூடு மேற்கு
பார் மேற்கு
அறிவி கொட்டில்
காத்திரு யானை
திற மேற்கு
மறுபடி

வண்டிகள் நெருக்கமாக வந்தன. கொட்டில்காரன் கேட்டான். காவலன் பதில் சொல்லவில்லை. கதவு மெல்ல இறங்கியது, ஒரு வண்டிக்காக நின்றது, மறுபடி இறங்கியது, எட்டாவது தட்டில் மூடியது. காவலன் திரும்பிக் கதவைப் பார்த்தான். அதன் பிறகுதான் எண்ணைச் சொன்னான். பூமி அதிர நாற்பது யானைகளும் போய் முடியும்வரை நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. வாசல் திறந்தது. வெளியே நின்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. இவர் விரலை வைத்து அவற்றை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.